ஊசிக்கும் குறட்டுக்கும் நடுவே ஒரு வாசகி

ஐம்பதைத் தொடும் வயதில் பெண் பெயரில் ஒரு போலிக் கணக்கு தொடங்கினேன். காதலுக்காக, அரசியலுக்காக என்றால்கூட வெளியில் சொல்லிக்கொள்ளலாம். நான் தொடங்கியது எழுத்துப்பிழைக்காக. பெயர் 'நெல்லை மலர்விழி'. முகம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு செம்பருத்திப் பூ. நான் வேலை பார்த்த இணையச் செய்தித் தளத்தில், செய்திகளுக்குக் கீழே வந்து பிழை சொல்லிக்கொண்டிருந்த ஒரு வாசகரை மட்டம் தட்டுவதற்காகவே மலர்விழி பிறந்தாள். குறை சொல்வது எளிது, களத்தில் இறங்கி எழுதிப் பார்த்தால்தான் தெரியும் என்று பிறந்த அன்றே நான்கு வரி எழுதினாள். நடை எனக்கே பிடித்திருந்தது. கீழே போய் ஒரு டீ குடித்துவிட்டு மாடி ஏறுவதற்குள் பதில் வந்திருந்தது.

"தங்கள் கருத்து நன்று, மலர்விழி அவர்களே. நான்கு வரிகளில் மூன்று பிழைகள் உள்ளன. இதே மூன்றும் இத்தளத்தின் தலைப்புகளிலும் தவறாமல் வருகின்றன. தலைப்பு எழுதுகிறவர் தங்களுக்குத் தெரிந்தவராக இருந்தால் எடுத்துச் சொல்லவும். செம்பருத்தி அழகு."

தலைப்பு எழுதுகிறவன் நான்தான். மலர்விழி அதன்பிறகு வெகு நாள் வாய் திறக்கவில்லை.

எங்கள் தளத்தின் அலுவலகம் நெல்லை வண்ணார்பேட்டையில், ஒரு டைல்ஸ் கடையின் மாடியில் இருந்தது. கடையும் தளமும் ஒரே அண்ணாச்சிக்குச் சொந்தம். டைல்ஸ் விற்பவருக்குச் செய்தி எதற்கு என்று யாரும் கேட்டதில்லை. பக்கத்துத் தெருவில் பெயின்ட் கடைக்காரர் ஒரு தளம் வைத்திருந்தார். அது போதாதா? நான் ஆசிரியர். அதாவது, எல்லாச் செய்திக்கும் தலைப்புப் போடுவேன். ஞாயிற்றுக்கிழமை ஒரு நகைச்சுவைக் கட்டுரை எழுதுவேன். ஊர் சுற்றிச் செய்தி சேகரிக்க ஷமீமா என்று மேலப்பாளையத்துப் பெண் ஒருத்தி இருந்தாள். மூன்றாவதாக ஒரு மின்விசிறி இருந்தது. எங்கள் மூவரில் நிதானமாக வேலை செய்தது அது ஒன்றுதான்.

ஷமீமா செய்தி எழுதுவதில்லை, சொல்லுவாள். சம்பவ இடத்திலிருந்து பஸ் ஏறியதும் போனை வாயருகே வைத்துச் செய்தியைச் சொல்ல, போன் அதைத் தனக்குத் தெரிந்த தமிழில் எழுதிக்கொள்ளும். கண்டக்டரின் விசிலும் டிரைவரின் பாட்டும் பக்கத்து இருக்கைச் சண்டையும் அதற்குள் கலந்துவிடும். இறங்குவதற்குள் செய்தி அவள் பெயரோடு தளத்தில் ஏறியிருக்கும். 'முதல்ல போடு, பொறவு திருத்து' என்பது அண்ணாச்சியின் கட்டளை. பெயின்ட் கடைக்காரரை முந்த வேண்டுமே. திருத்துவதற்கான அந்தப் பொறவு மட்டும் எந்த நாளும் வந்ததில்லை.

ஆனால் அந்த வாசகர் வந்துவிடுவார். 'ஒரு வாசகி, பாளை' என்பது கணக்கின் பெயர். ஒவ்வொரு தடவையும் 'செய்தி நன்று' என்றுதான் ஆரம்பிப்பார். லாரி கவிழ்ந்தாலும் செய்தி நன்று, கோழிப் பண்ணையில் நோய் வந்தாலும் செய்தி நன்று. அதன்பிறகு பிழைகளைப் பத்தி வாரியாக எடுத்து வைப்பார். திட்டமாட்டார். ஒருமுறை சாலைக் குழியைப் பற்றிய செய்தியில், போனின் கைங்கரியத்தால், குழி என்று வர வேண்டிய இடமெல்லாம் கிளி என்று வந்துவிட்டது. 'செய்தி நன்று. கிளி எத்தனை அடி ஆழம் என்பதையும் குறிப்பிட்டிருக்கலாம்' என்று எழுதினார்.

என் ஞாயிற்றுக்கிழமைக் கட்டுரைக்குக் கீழே மட்டும் அவர் ஒரு வார்த்தை எழுதியதில்லை. அதில் பிழை இருக்காது, பாவம், அவருக்கு என்ன வேலை என்று நினைத்துக்கொள்வேன். அந்த நினைப்பில் சில ஞாயிறுகளில் இரண்டு தோசை கூடுதலாக இறங்கியிருக்கிறது.

கிளி ஊரெல்லாம் பறந்தது. வாசகியின் வரியோடு சேர்த்து யாரோ படம் பிடித்து வாட்ஸப்பில் விட, அது வியாபாரிகள் குழுவுக்குப் போய்ச் சேர்ந்தது. ஒரு கல்யாண வீட்டுப் பந்தியில் பெயின்ட் கடைக்காரர் அண்ணாச்சியிடம், "என்ன வே, உம்ம ரோட்டுல கிளி முட்டை போட்டுட்டாமே?" என்று கேட்டிருக்கிறார். அண்ணாச்சி பாயசம் குடிக்காமல் எழுந்து வந்துவிட்டார். அவர் கணக்கில் அது பெரிய இழப்பு.

மறுநாள் மாடி ஏறி வந்து என் முன்னால் நின்றார்.

"வே, இந்த மாசத்தோட அந்தப் பிள்ளையை நிப்பாட்டிரும். தப்புத் தப்பா எழுதுது. ஊரே சிரிக்கு."

"அண்ணாச்சி, நல்லா ஓடியாடுத பிள்ளை..."

"ஓடட்டும். வேற எங்கனயாவது ஓடட்டும். கமென்ட்டைப் பாத்தீரா? எல்லாம் அவ செய்திக்குக் கீழதான் கெடக்கு. உம்ம கட்டுரைக்குக் கீழ ஒண்ணாவது இருக்கா?"

இல்லை என்றேன். அந்த நிலைமையிலும் கொஞ்சம் பெருமையாகத்தான் சொன்னேன்.

ஷமீமா விஷயத்தை அமைதியாகக் கேட்டுக்கொண்டாள். இங்கே வருவதற்கு முன் அவள் ஒரு ஜவுளிக்கடையில் சேலைப் பிரிவில் நின்றவள். "திரும்ப அங்கனதான் போகணும் சார். பத்து மணி நேரம் நிக்கணும். உக்கார ஒரு ஸ்டூல் கெடையாது. இங்கனயாவது அப்பப்போ பஸ்ல ஜன்னல் சீட் கெடைச்சிது" என்று சொல்லிச் சிரிக்கப் பார்த்தாள். கொஞ்சம் பொறுத்து, "அந்தப் பொம்பளைக்கு நான் என்ன சார் பண்ணுனேன்? ஒவ்வொரு தடவையும் செய்தி நன்று, செய்தி நன்றுன்னு எதுக்கு என்னையக் கிண்டல் பண்ணணும்?" என்றாள்.

அந்தக் கவலையில்தானோ என்னவோ, ரொம்ப நாளாகப் பையக் கூசிக்கொண்டிருந்த என் கடைவாய்ப் பல் மறுநாள் காலையில் முழு வேகத்தில் புறப்பட்டது. பாளையங்கோட்டை மார்க்கெட் பக்கம் ஒரு பல் டாக்டர் அம்மா இருக்கிறார், கைராசி என்று யாரோ சொன்னார்கள். போனேன். என் வயதுதான் இருக்கும். மூக்கின் நுனியில் கண்ணாடி. பேச்சு குறைவு, பார்வை அதிகம்.

"சொல்லுங்க சார். என்ன செய்யுது?"

"வலிக்குது டாக்டர்."

"வலிக்கா, கூசுதா, குத்துதா, தெறிக்கா?"

"எல்லாந்தான்."

"எல்லாம்னு ஒரு நோவு கெடையாது சார். யோசிச்சுச் சொல்லுங்க, நிக்கேன்."

நின்றார். கன்னத்தைப் பிடித்துக்கொண்டு என் வலிக்குச் சரியான வினைச்சொல்லைத் தேடினேன். 'தெறிக்கு' என்று முடிவானது. உள்ளே பார்த்துவிட்டு, ரொம்ப நாள் கவனிக்காமல் விட்டது, எடுத்துவிட வேண்டியதுதான் என்றார். ஊசி போட்டார். மரத்துப்போகக் கொஞ்ச நேரமாகும் என்று சொல்லிவிட்டுப் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து போனை எடுத்தார். உதவிக்கு நின்ற அக்காவிடம் பேசிக்கொண்டே வாசிக்க ஆரம்பித்தார்.

"இந்தப் பிள்ளை இன்னைக்கு எழுதியிருக்கதைக் கேளேன். மேலப்பாளையத்துல கால்வாய்ப் பாலத்துக்குக் கைப்பிடி ஒடிஞ்சு கெடக்காம். ஒரு கெழவி தெனமும் அங்கன ஆட்டைப் புடிச்சுக்கிட்டே பாலத்தைத் தாண்டுதாளாம். கைப்பிடிக்குப் பதிலா ஆடு! இதைப் போய்ப் பாத்து எழுதியிருக்கா பாரு."

"தப்பு இருக்கா?" என்றார் அந்த அக்கா.

"ஏழு இருக்கு." கட்டைவிரல்கள் ஓடத் தொடங்கின. வாய் அதைச் சொல்லிக்கொண்டே போனது: "செய்தி நன்று. இரண்டாம் பத்தியில்..."

நாற்காலியில் நிமிர்ந்தேன். "ஆ! ஊ!" என்றேன். என் வாயின் இடது பாதி ஏற்கெனவே என்னை விட்டுப் போயிருந்தது.

"பொறுங்க சார், இன்னும் மரக்கல" என்றவர் மேலே பேசிக்கொண்டே போனார். "ஆனா இந்தத் தலைப்பைப் போடுத ஆளு வேற ஆளுன்னு நெனைக்கேன். செய்தியைப் படிக்காமலே போடுதான். ஆட்டைப் பத்தி ஒரு வார்த்தை இல்ல பாரு. 'பாலத்தில் பரபரப்பு'ன்னு போட்டிருக்கான். அங்கன யாரு பரபரத்தா? அந்தக் கெழவி பைய ஆட்டைப் புடிச்சுக்கிட்டுப் போறா." பிறகு என் பக்கம் திரும்பினார். "என்ன சார், கண்ணு கலங்குது? வலிக்கா?"

இல்லை என்று தலையாட்டினேன். குறடு உள்ளே வந்தது.

பல் போன இடத்தில் பஞ்சை வைத்து, அரை மணி நேரம் கடித்துக்கொண்டிருக்க வேண்டும், பேசக் கூடாது என்று சொல்லி வெளியே பெஞ்சில் உட்கார வைத்தார்கள். ஷமீமாவின் வேலையைப் பறிக்கப் போகிறவர் உள்ளே இருக்கிறார். அவருக்கு அது தெரியாது. எனக்கோ வாய் இல்லை. வேறு வழியில்லாமல் மலர்விழியை உயிர்ப்பித்தேன். பாலத்துச் செய்தியின் கீழே, அவருடைய ஏழு பிழைகளுக்கு அடியில் எழுதினேன்: 'டாக்டர் அவர்களுக்கு. நான்தான் மலர்விழி. தலைப்பு எழுதுகிறவனும் நானே. இப்போது உங்கள் பெஞ்சில் பஞ்சோடு இருக்கிறேன். நீங்கள் சொல்லும் பிழைகளால் அந்தப் பெண்ணின் வேலை இந்த மாதத்தோடு போகிறது.'

உள்ளே அவர் போனில் ஒரு மணிச் சத்தம் கேட்டது. கதவு திறந்தது. கையுறையைக்கூடக் கழற்றாமல் வந்து நின்றார். பெஞ்சில் என்னைத் தவிர ஒரு பள்ளிக்கூடத்துப் பையனும் அவன் அம்மாவும் இருந்தார்கள். அவர் நேராக என்னைப் பார்த்து, "மலர்விழி?" என்றார்.

அந்தப் பையன் என்னையும் என் மீசையையும் பார்த்தான். நான் தலையாட்டினேன்.

"வேலை போகுதா? என்னத்துக்கு? நான் அந்தப் பிள்ளை செய்தியை மட்டுந்தானே படிக்கேன்! அதுக்குக் கீழ மட்டுந்தானே எழுதுதேன்!"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. மற்ற செய்திகளும் பிழையில் ஒன்றும் குறைந்தவை அல்ல. அமைச்சர் வருகை, நடிகை திருமணம், இன்றைய ராசி பலன் என்று வேறு தளங்களிலிருந்து நாங்கள் சுட்டுப் போட்டவற்றில், அவர்கள் பிழையோடு எங்கள் பிழையும் சேர்ந்து இரட்டிப்பாகவே இருக்கும். அவற்றின் கீழே வாசகி வந்ததே இல்லை. பிழை தேடி அலைகிறவர் என்று நாங்கள் நினைத்திருந்தவர், உண்மையில் அந்த ஒரு பெண் எழுதுவதைக் கடைசி வரி வரைக்கும் படிக்கிற ஒரே ஆள்.

பஞ்சை எடுத்துவிட்டுக் கேட்டேன். கேட்கக் கூடாதுதான். "எங் கத்துரை?"

"என்ன?"

"ஞாயித்துக் கெழமெ... கத்துரை..."

"ஓ, அதா?" கொஞ்சம் யோசித்தார். பொய் சொல்லத் தெரியாத முகம். "அதை நான் ஆரம்பிக்கவே இல்ல சார். ஆரம்பிச்சா முடிக்கணும்லா? பஞ்சை உள்ள வைங்க."

ஆரம்பித்தால் முடிக்க வேண்டும் என்பது அவருக்குச் சாதாரண விஷயமில்லை. அதைப் பிற்பாடு அந்த உதவி அக்கா சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். கோயிலில் (பாளையில் சர்ச்சைக் கோயில் என்றும் பாதிரியாரை அய்யர் என்றும்தான் சொல்வார்கள்) பாட்டுப் பாடும்போது நேரமாகிவிட்டதென்று அய்யர், ஒன்று, இரண்டு, ஐந்தாம் சரணங்களைப் பாடுவோம் என்று அறிவித்தால், சபை முழுவதும் இரண்டிலிருந்து ஐந்துக்குத் தாவும். டாக்டர் மட்டும் மூன்றாவது சரணத்தைத் தனியாகப் பாடுவாராம். அதை முடித்து நான்காவதையும் முடித்து ஐந்துக்கு வரும்போது சபை ஜெபத்தில் இருக்கும். ஒரு தடவை அய்யரே கேட்டுவிட்டாராம். "நடுவுல உள்ளதை எழுதுனவரு என்ன சும்மாவா எழுதியிருப்பாரு அய்யா?" என்று பதில் வந்ததாம். சினிமாவுக்குப் போனாலும் கடைசியில் ஓடும் பெயர்கள் முடிகிறவரை எழுந்திருக்க மாட்டாராம். பெருக்க வந்தவர்கள் அவர் காலைத் தூக்கச் சொல்லிவிட்டு அடியில் பெருக்கிக்கொண்டு போவார்களாம். வாழ்க்கையில் எதைத் தொடங்குவது என்பதில் அவர் கருமியாக இருந்தது ஏன் என்று அப்போதுதான் புரிந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை கோயில் முடிந்து, நேராக அண்ணாச்சியின் டைல்ஸ் கடைக்கு வந்தார். வாடிக்கையாளர் என்று நினைத்து அண்ணாச்சி வாயெல்லாம் பல்லாக வரவேற்று, குளியலறைக்கு எது, வாசலுக்கு எது, வழுக்காதது எது என்று விளக்கினார். அவர் குறுக்கே பேசவே இல்லை. கடைசி ரகத்தின் கடைசி நிறம் வரைக்கும் தடவிப் பார்த்துக் கேட்டார். அண்ணாச்சி மூச்சு வாங்க நிறுத்தியதும், "நல்ல சரக்கு. நான் அதுக்கு வரல. ஷமீமா விஷயமா வந்தேன். நாந்தான் அந்த வாசகி" என்றார்.

மாடியிலிருந்து இறங்கி வந்து நின்ற என்னை அண்ணாச்சி பார்த்தார். நான் ஒரு டைலைப் பார்த்தேன்.

"ஊரு முன்னால என் மானத்தை வாங்குனது நீங்க. இப்ப அந்தப் பிள்ளைக்கு வேலை குடுன்னு கேக்கதும் நீங்களா?"

"ஆமா அண்ணாச்சி. சொத்தைன்னு ஒருத்தர் வந்தா நான் முதல்ல அடைக்கத்தான் பாப்பேன். எடுத்தெடுத்துப் போட்டா நாளைக்கு எங்கிட்ட வரதுக்கு ஊர்ல பல்லு இருக்காது."

"இவரு பல்லைப் புடுங்கிட்டீகளே?"

"அது ரொம்ப நாள் கவனிக்காம விட்டது." கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். "இவரையும் யாரும் கவனிக்கல போலிருக்கு. செய்தியைப் போடுததுக்கு முன்னால இவரு ஒரு தடவை படிக்கலாம்லா?"

அண்ணாச்சி முழு உடம்போடு என் பக்கம் திரும்பினார். "ஏன் வே, நீரு படிக்கதே இல்லையா?"

"தலைப்புக்கு வேண்டிய அளவுக்கு..." என்று இழுத்தேன்.

"நீங்களே திருத்திக் குடுத்திருங்களேன் தாயி" என்று அண்ணாச்சி டாக்டரிடம் மன்றாடிப் பார்த்தார். இலவசம் என்றால் அவருக்கு யோசனைகள் தானாக வரும்.

"நான் படிக்கிறவ. திருத்துதது உங்க வேலை. அந்தப் பிள்ளை இருந்தா நானும் தெனமும் வருவேன். போயிட்டா நானும் போயிருவேன்."

"தெனமும் படிக்கீகளா? முழுசாவா?"

"கடைசி வரி வரைக்கும்."

அண்ணாச்சி கொஞ்ச நேரம் கல்லாவைப் பார்த்தார். "நானே அப்படிப் படிச்சதில்ல தாயி" என்று உண்மையைச் சொன்னார். பிறகு அவருக்குள் இருந்த வியாபாரி பேசினார்: "சரி, தீபாவளி வரைக்கும் பாப்போம். வே, இனிமே நீரு படிக்காம ஒரு வரி மேல ஏறக் கூடாது. பெயின்ட் கடைக்காரன் முந்துனா முந்திட்டுப் போறான்."

ஒரு பெண்ணின் வேலை பிழைத்தது. என் ஓய்வு போனது. சொல்லப்போனால் ஆசிரியர் என்ற பட்டம் கிடைத்து வெகு நாளுக்குப் பிறகு அன்றுதான் அந்த வேலையில் சேர்ந்தேன்.

விஷயத்தைச் சொன்னபோது ஷமீமா முதலில் கேட்டது வேலையைப் பற்றியல்ல. "அப்ப அந்தச் 'செய்தி நன்று' நெசமாவே சொன்னதா சார்?" என்றாள். ஆமாம் என்றேன். போனை எடுத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் போய், பழைய கருத்துகளையெல்லாம் முதலிலிருந்து படிக்க ஆரம்பித்துவிட்டாள். அன்று செய்தி எதுவும் வரவில்லை.

அவள் பேச, நான் திருத்த, எங்கள் செய்தி எல்லோருக்கும் பின்னால் வரத் தொடங்கியது. பிழைகள் குறைந்தன. வாசகியின் வரிகளும் குறைந்தன. பிறகு ஒரு வாரம் ஒன்றுமே இல்லை. நான் மார்தட்டிக்கொண்டிருக்க, ஷமீமாவின் முகம் வாடிவிட்டது. "படிக்கதை விட்டுட்டாங்களோ சார்?" என்றாள். அவளைத் தேற்ற, நானே ஒரு செய்தியில் வேண்டுமென்றே ஒரு பிழையை வைத்தேன். உடனே பதில் வந்தது: 'செய்தி நன்று. பிழை வேண்டுமென்றே வைக்கப்பட்டுள்ளது. மலர்விழியின் கைவரிசை. வேண்டாம்.'

அதற்கு அடுத்த வரியில் ஒரு கேள்வி இருந்தது. 'பாலத்துக்குக் கைப்பிடி வந்ததா?'

ஷமீமா அப்போதே பஸ் ஏறிப் பார்க்கப் போனாள். கைப்பிடி வரவில்லை. 'வரவில்லை' என்றே ஒரு செய்தி போட்டோம். அதன் கீழே, 'செய்தி நன்று. ஆடு நலமா?' என்று இருந்தது. ஆட்டின் படத்தோடு இன்னொரு செய்தி. இப்படியே ஆரம்பித்தது. பிழை சொல்லி வந்தவர் 'பிறகு என்ன ஆயிற்று' என்று கேட்க ஆரம்பித்தார். அவரைப் பார்த்து வேறு பலரும் கேட்டார்கள். ஒருமுறை கால்வாய் தெருவுக்கு எந்தப் பக்கம் ஓடுகிறது என்பதில் டாக்டருக்கும் ஷமீமாவுக்கும் பெரிய விவாதமே நடந்தது. ஷமீமா பாலத்தில் நின்று வீடியோ எடுத்துப் போட்டாள். 'தங்கள் பக்கமே சரி. நான் தவறு. செய்தி மிக நன்று' என்று வந்தது. அந்த 'மிக'வை அவள் பல நாள் சொல்லிக்கொண்டு திரிந்தாள்.

கைப்பிடி கடைசியில் வந்தது. "அந்தப் பல் டாக்டர் அம்மா கேள்வியை நிப்பாட்டுனாப் போதும் சாமி" என்று வார்டு கவுன்சிலர் பெருமூச்சு விட்டதை ஷமீமா அப்படியே செய்தியில் போட்டாள். நானும் திருத்தவில்லை. திருத்த ஒன்றுமில்லை. தலைப்பில் இந்த முறை ஆடு இருந்தது.

தீபாவளி போய்ப் பல தீபாவளிகள் ஆகிவிட்டன. டாக்டர் மகளோடு இருக்கக் கோயம்புத்தூருக்குப் போய்விட்டார். ஷமீமா இப்போது தளத்தின் ஆசிரியர். அவளுக்குச் சாய்ந்து உட்காரும் நாற்காலி இருக்கிறது. அதில் அவள் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. நான் ஞாயிற்றுக்கிழமைக் கட்டுரையோடு நின்றுகொண்டேன். இந்த வாரம் அவரைப் பற்றி எழுதலாம் என்று தோன்றியது. எழுதி, படித்து, திருத்தி, மறுபடி படித்து ஷமீமாவிடம் கொடுத்தேன். வெளியிடும் முன் டாக்டர் பார்ப்பதுதான் மரியாதை என்று அவள் கோயம்புத்தூருக்கு அனுப்பினாள்.

சாயங்காலம் பதில் வந்தது. போனை என்னிடம் நீட்டினாள். 'நன்று' என்று ஒரே ஒரு சொல். பிழை ஒன்றும் சொல்லவில்லை. இத்தனை வருடத்தில் அவரிடம் ஒரு பிழைகூட வாங்காமல் ஒரு கட்டுரையை எழுதித் தாண்டியவன் இந்த ஊரில் நான் ஒருவன்தான் இருக்க வேண்டும் என்று ஷமீமாவிடம் சொன்னேன்.

அவள் போனை வாங்கி இன்னொரு தடவை பார்த்தாள்.

"கேள்வியும் ஒண்ணும் கேக்கலையே சார்? அப்ப அவங்க ஆரம்பிக்கவே இல்ல."